கணப்புச்சட்டியும் இரும்புக்கல்லும்

அமெரிக்காவில் இன்று வீட்டு அடுப்பில் ஹிபாச்சி சமைக்கிறவர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே சாப்பாடுதான். சிறு துண்டுகளாக வெட்டிய மாட்டிறைச்சி, கோழி, இறால் இவற்றில் ஒன்று. வெங்காயம், சுக்கினி, காளான். முட்டை சேர்த்து வறுத்த சோறு. எல்லாவற்றின் மேலும் சோயா சாஸும் பூண்டு வெண்ணெயும். தொட்டுக்கொள்ள மயோனைஸில் தக்காளி விழுதும் பாப்ரிக்காவும் கலந்த வெளிர்சிவப்புச் சாஸ். இதைச் சொல்லித்தரும் குறிப்புகள் பலவும் ஜப்பானின் தொன்மையான சமையல் முறை என்றே ஆரம்பிக்கின்றன. அது சரியல்ல. இந்தச் சாப்பாட்டுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் முதலில் ஜப்பானின் கோபேயிலும் பிறகு நியூயார்க்கிலும் உணவகம் நடத்தியவர்கள் சந்தித்த நெருக்கடிகள்தான் இதற்கு உருவம் கொடுத்தன. இடம் போதவில்லை, ஆள்கூலி அதிகம், வந்து உட்காருகிற விருந்தாளிக்கு அயல்நாட்டு உணவின் மேல் நம்பிக்கை இல்லை. தட்டில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு பொருளும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்கான விடை. வீட்டில் சமைப்பவருக்கு இந்த நெருக்கடிகளில் ஒன்றுமே கிடையாது. அதனால்தான் இதன் வரலாறு அவருக்கு வெறும் தகவலாக இல்லாமல், எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று காட்டும் அளவுகோலாகிறது.

ஜப்பானில் ஹிபாச்சி என்பது சமையல் பாத்திரமே அல்ல, குளிர்காயும் கணப்புச்சட்டி. மண்ணாலோ, உள்ளே உலோகத் தகடு பதித்த மரத்தாலோ செய்த ஒரு தொட்டி. அதில் பாதிக்கு மேல் சலித்த சாம்பல். சாம்பலின் நடுவில் சில கரித்துண்டுகள். சாம்பல் வெப்பத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். கரியை மூடித் தணிக்கவும் கிளறி உயிர்ப்பிக்கவும் இரும்புக் குச்சிகள் உண்டு. ஹெயான் காலத்து அரண்மனைகளிலேயே இதன் முன்னோடிகள் இருந்தன. கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘தலையணைப் புத்தகம்’ என்ற நூலின் முதல் பகுதியிலேயே, அரண்மனைப் பெண்மணி செய் ஷோனகோன், குளிர்காலக் காலையில் அவசரமாகக் கரி மூட்டி எடுத்துச் செல்வதை ரசித்தும், நண்பகலில் கணப்பு வெள்ளைச் சாம்பலாகிக் கிடப்பதைக் குறைசொல்லியும் எழுதியிருக்கிறார். சில நூற்றாண்டுகள் கழித்து வந்த எடோ காலத்தில் நகர வணிகர் வீடுகளில் நாகாஹிபாச்சி என்ற நீளமான மரப்பெட்டி வகை பரவியது. பக்கவாட்டில் இழுப்பறைகளும், வெந்நீருக்கும் சாராயம் சூடாக்கவும் செப்புப் பாத்திரமும் அதிலேயே பொருந்தியிருந்தன. சாம்பலில் ஊன்றிய முக்காலியில் இரும்புக் கெண்டி எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். அரிசிப் பிண்டமான மோச்சியையும் காய்ந்த கணவாயையும் அதன்மேல் வாட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் சமையல் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. சோறு வெந்தது கமாடோ என்ற மண்ணடுப்பில். கிராமத்து வீடுகளில் குழம்புச்சட்டி தொங்கியது இரோரி என்ற தரைக்குழி அடுப்பின் மேல். மீன் சுடுவதற்கு ஷிச்சிரின் என்ற தனி அடுப்பு இருந்தது. நோட்டோ தீபகற்ப முனையில் வெட்டி எடுக்கும் டயட்டம் மண்ணில் செய்த, கையில் தூக்கக்கூடிய கரியடுப்பு அது.

போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்கு அனுப்பிய சிறிய வார்ப்பிரும்புக் கரியடுப்புகள் உண்மையில் இந்த ஷிச்சிரினுக்கு உறவு. ஆனால் அவை ஹிபாச்சி என்ற பெயரில் விற்பனையாயின. ஆங்கில நாவுக்கு அந்தப் பெயர் எளிதாக வந்ததே காரணம் என்பார்கள். 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் அது வழக்கமான பொருள் ஆனது. அதே ஆண்டுகளில் ஜப்பானில் அசல் ஹிபாச்சி செத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க் கணப்பும் எரிவாயுவும் மின்சாரமும் வந்துவிட்டன. இடுக்கில்லாமல் மூடும் ஜன்னல்கள் வந்த வீட்டில் கரி எரிப்பது ஆபத்தாயிற்று. காகிதத் தட்டிகளும் உயர்ந்த கூரையும் இடைவெளிகளும் கொண்ட பழைய மரவீட்டில் கார்பன் மோனாக்சைடு ஓரளவுக்கு வெளியேறிவிடும். புதிய வீட்டில் அதற்கு வழியில்லை. ஹிபாச்சித் தொட்டிகளை முக்கிய விளைபொருளாகக் கொண்டிருந்த ஷிகராக்கி சூளைகள் பூந்தொட்டிக்கும் சுவரோடுகளுக்கும் மாறின. ஆக, பெயர் அமெரிக்காவில் ஊன்றிய காலத்தில் அதன் பொருள் பிறந்த நாட்டிலேயே பயன்பாட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பின்னாளில் இரும்புத் தகட்டுச் சமையலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டபோது, அது தவறு என்று சொல்லும் அன்றாட அனுபவம் யாரிடமும் மிஞ்சவில்லை.

தொன்மை என்ற கதையை உடைக்க இதைவிடப் பலமான சான்று இறைச்சி. பேரரசர் தென்மு 675-ல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்பதற்குத் தடை விதித்தார். அந்தத் தடை ஆண்டின் ஒரு பகுதிக்கானதுதான். பின்வந்த நூற்றாண்டுகளில் ஜப்பானியர் இறைச்சியே தொடவில்லை என்பதும் மிகை. காட்டுப்பன்றியும் மானும் உண்ணப்பட்டன. மருந்து என்ற பெயரில் உண்டவர்களும் இருந்தார்கள். ஹிகோனே சிற்றரசு மிசோவில் ஊறவைத்த மாட்டிறைச்சியை இராணுவ ஆட்சியாளரான ஷோகனுக்குக் காணிக்கையாகவே அனுப்பியிருக்கிறது. ஆனால் உழவு மாட்டை வெட்டி, வீட்டுக்குள் விருந்தாகச் சமைப்பது பெரும்பான்மை மக்களுக்கு அருவருப்பான காரியமாகவே இருந்தது. மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்பது 1872-ல் செய்தியாகப் பரவும் அளவுக்குப் புதுமையாக இருந்தது. அதற்குச் சற்று முன், 1871-ல், கானாகாகி ரோபுன் வெளியிடத் தொடங்கிய ‘அகுராநாபே’ என்ற நகைச்சுவை நூல் மாட்டிறைச்சிக் கடையில் கூடும் நவநாகரிகர்களைப் பற்றியது. புது மோஸ்தராக இல்லாத ஒன்றை வைத்து யாரும் அப்படி ஒரு புத்தகம் எழுதமாட்டார்கள். அந்தக் கடைகளிலும் இறைச்சி வெந்தது இரும்புச் சட்டியில் சாறோடுதான். சூடான தட்டையான தகட்டில் வெறும் எண்ணெய் விட்டுத் தடித்த துண்டைப் பொரிக்கும் வழக்கம் அப்போது இல்லை.

அது கோபேயில் வந்தது. வேறெந்த ஊரிலும் வராமல் கோபேயில் வந்ததில் வியப்பில்லை. 1868-ல் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட துறைமுகம் அது. வந்திறங்கிய ஐரோப்பியர்கள் மாட்டிறைச்சி கேட்டார்கள். பக்கத்துத் தாஜிமா மலைப்பகுதியின் உழவு மாடுகள் அவர்களுக்கு உணவாகி, கோபே இறைச்சி என்ற புகழ் பிறந்தது. 1945 மார்ச்சிலும் ஜூனிலும் நடந்த குண்டுவீச்சில் ஊர் எரிந்தது. அதே ஆண்டு ஷிகேஜி ஃபுஜியோகா என்பவர் அங்கே மிசோனோ என்ற உணவகத்தைத் தொடங்கினார். தெப்பான்யாக்கி என்று பின்னர் பெயர் பெற்ற இரும்புத் தகட்டு மாட்டிறைச்சிச் சமையலின் பிறப்பிடம் என்று அந்தக் கடைதான் உரிமை கொண்டாடுகிறது; அதை முறியடிக்கும் வலுவான போட்டி எதுவும் இல்லை. தகடு என்னவோ புதிதல்ல. மாவைக் கரைத்து ஊற்றிச் சுடும் ஒக்கோனோமியாக்கி போன்ற மலிவுத் தின்பண்டங்களுக்கு அது போருக்கு முன்பே தெருவில் இருந்தது. புதிது என்னவென்றால், ஏழைகளின் அந்தத் தகட்டில் பணக்கார இறைச்சி ஏறியதும், எதிரே உட்கார்ந்தவர் அமெரிக்கப் படைவீரராக இருந்ததும். ஜப்பானிய உணவு பழக்கமில்லாத அவருக்கு இறைச்சித் துண்டு தெரிந்த பண்டம். அதைத் தன் கண் எதிரே வெட்டிச் சமைப்பது வேடிக்கையாகவும் இருந்தது. உள்ளூர்க்காரரைவிட வெளிநாட்டவரே அதை அதிகம் விரும்பினார்கள். சமையலறைக்கும் மேசைக்கும் இடையிலான சுவர் அங்கேதான் உடைந்தது.

அமெரிக்காவில் அதை ஒரு தொழிலாக்கியவர் ஹிரோயாக்கி அவோக்கி. ராக்கி என்ற பெயரால் உலகம் அறிந்த அவர் 1938-ல் டோக்கியோவில் பிறந்த மல்யுத்த வீரர். அவருடைய தந்தை போருக்குப் பின் டோக்கியோவில் ஒரு காபிக்கடை நடத்தினார். இடிபாடுகளுக்கிடையே பூத்த குசும்பாப் பூவின் நினைவாக அதற்கு பெனிஹானா என்று பெயர் வைத்தார் என்பது குடும்பக் கதை. மகன் அமெரிக்கா போய் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வண்டியில் ஐஸ்கிரீம் விற்று 10,000 டாலர் சேர்த்து, 1964-ல் மேற்கு 56-ஆம் தெருவில் நாலே மேசைகளோடு அதே பெயரில் கடை திறந்தார். முதல் மாதங்களில் ஆளில்லை. நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் பத்திரிகையில் கிளெமென்டைன் பேடில்ஃபோர்டு பாராட்டி எழுதிய பிறகே கூட்டம் வந்தது. 1972-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு பாட ஆய்வு எழுதியது; இன்றுவரை வகுப்பறைகளில் பயன்படும் அந்த ஆய்வுதான் என் வாதத்துக்கு முதன்மைச் சான்று. அதில் உள்ள கணக்கு எளிமையானது. சமைப்பவரை மேசைக்கே கொண்டுவந்துவிட்டதால் பின்கட்டில் முழுச் சமையலறை தேவையில்லை. வழக்கமான உணவகம் பரப்பில் 30 சதவீதத்தைப் பின்கட்டுக்கு இழக்க, இங்கே 22 சதவீதம் போதும். மான்ஹட்டன் வாடகையில் மிச்சமாகும் ஒவ்வொரு அடியும் காசு. பரிமாறுபவர் வேலையில் பெரும்பகுதியைச் சமையல்காரரே செய்துவிடுவதால் ஆள்கூலி வரவில் 10 முதல் 12 சதவீதத்துக்குள் அடங்கியது. மேசைக்கு எட்டுப் பேர் என்பதால் தெரியாதவர்களும் ஒன்றாக உட்காரவேண்டும்; எட்டுப் பேர் சேரும்வரை மதுக்கூடத்தில் காத்திருப்பார்கள், அங்கும் செலவு செய்வார்கள். சமையல்காரர் ஆட்டத்தைத் தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும் கடையின் கையில் இருந்ததால், ஒரு மணி நேரத்துக்குள் மேசை அடுத்த எட்டுப் பேருக்குத் தயார். கரண்டியைச் சுழற்றுவதும், வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலை போல் புகைய வைப்பதும், இறால் வாலைத் தொப்பிக்குள் எறிவதும் விருந்தாளியை மகிழ்விக்கும் அதே நேரத்தில் அவருடைய கடிகாரத்தையும் நடத்தின.

தட்டில் மூன்றே பண்டங்கள் இருந்ததற்கும் காரணம் இதுவே. மாட்டிறைச்சி, கோழி, இறால் மட்டும் வைத்தால் கிடங்கில் கெட்டுப்போகும் சரக்கு குறையும். உணவுச் செலவு 30 முதல் 35 சதவீதத்தில் நின்றது. ஆனால் அந்த மூன்றும் தேர்வானதற்குக் கணக்கு மட்டும் காரணமல்ல. அமெரிக்கர்கள் அயல்நாட்டுச் சூழலில் உட்கார ஆசைப்படுகிறார்கள், அயல்நாட்டு உணவை மட்டும் நம்பமாட்டார்கள், சமைப்பதைக் கண்ணால் பார்ப்பதில் மகிழ்கிறார்கள் என்பது அவோக்கி எட்டிய முடிவு. அதனால் ஜப்பானிலிருந்து பழைய வீடுகளின் உத்தரங்களையும் தச்சர்களையும் வரவழைத்துக் கடையைக் கட்டினார். தட்டில் வைத்ததோ ஒஹையோ விவசாயிக்கும் தெரிந்த இறைச்சி. நான் இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். 1942-ல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அந்தக் கடை திறந்தபோது அந்த நிகழ்வுக்கு இருபத்திரண்டே வயது. போர்க்காலப் பகையின் நினைவு உள்ளவர்களே முதல் விருந்தாளிகள். சமைக்கும் கையும் சமைக்கும் பொருளும் ஒளிவுமறைவின்றி முன்னால் இருப்பது அத்தகைய ஒரு விருந்தாளிக்குத் தந்த ஆறுதல் சிறிதல்ல. காட்சி என்பது நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வழியாகவும் இருந்தது என்றே கருதுகிறேன். அந்தக் காட்சியின் முகமாக நின்ற ஜப்பானியச் சமையல்காரர்களுக்கு அது சுமையும்தான். கைத்தொழிலில் தேர்ந்தவர்கள் கோமாளித்தனமும் பழகவேண்டி வந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடுவில் தீயை வைத்துச் சாப்பிடுவது ஜப்பானில் பழைய பழக்கம்தானே. இரோரியைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்தது, நாபே சட்டியில் எல்லோரும் கைவிட்டார்கள், மாட்டிறைச்சிச் சட்டியான சுக்கியாக்கி மேசையிலேயே வெந்தது. அப்படியிருக்க இதற்குப் பழமையோடு உறவில்லை என்று ஏன் சொல்லவேண்டும்? தீயைச் சுற்றி உட்காரும் பழக்கம் பழையது என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பழைய வடிவங்கள் எல்லாவற்றிலும் உண்பவரே சமைப்பவர், அல்லது வீட்டில் ஒருவர் சமைக்க மற்றவரும் கை கொடுப்பார். ஒருவர் நின்று ஆட, எட்டுப் பேர் உட்கார்ந்து பார்ப்பது அவற்றில் எதிலும் இல்லை. அது கடையின் வடிவம். ஜப்பானிலேயே தெப்பான்யாக்கி போன வழியைப் பார்த்தாலும் இது தெளிவாகும். அங்கே அது உயர்தர விடுதிகளின் அமைதியான, விலையுயர்ந்த உணவாக வளர்ந்தது. சமையல்காரர் பேச்சைக் குறைத்து வேலையில் கவனம் வைப்பார். இறைச்சி முடிந்த பிறகு அதன் கொழுப்பிலேயே பூண்டுச் சோறு வறுத்துக் கடைசியில் தருவார். அமெரிக்காவில் வறுத்த சோறு முதலில் வருகிறது, முட்டையைக் கரண்டி விளிம்பில் உடைக்கும் வித்தையோடு. பசித்த எட்டுப் பேரை அமர்த்த அதுவே மலிவான வழி. பொருள் ஒன்றே, வரிசை மாறியதற்குக் காரணம் சுவை அல்ல.

இன்னொரு கூட்டத்தார் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார்கள்: அப்படியானால் இது போலி, இதை ஜப்பானியம் என்று சொல்லவே கூடாது என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் கோபேக்காரர், பரப்பியவர் டோக்கியோக்காரர், ஆரம்பத்தில் சமைத்தவர்கள் ஜப்பானில் பயின்றவர்கள். அயலாருக்காகச் சமைத்ததாலோ அயலார் தொடர்பில் பிறந்ததாலோ ஒரு சமையல் பொய்யாகிவிடாது. இல்லையென்றால் போர்த்துக்கீசியர் தொடர்பில் உருவான தெம்புராவும் அந்தக் கணக்கில் போலியாகிவிடும். சோயா சாஸின் கதையும் இதே காலத்தில் இதே திசையில் நடந்தது. கிக்கோமன் நிறுவனம் 1957-ல் சான் பிரான்சிஸ்கோவில் விற்பனை நிறுவனம் தொடங்கி, கடைகளில் இறைச்சியோடு சேர்த்துச் சமைத்துக்காட்டியே அதை அமெரிக்கச் சமையலறைக்குள் கொண்டுபோனது; 1973-ல் விஸ்கான்சின் மாநிலத்து வால்வொர்த்தில் ஆலையே கட்டிவிட்டது. பெனிஹானாவின் மேசையும் கிக்கோமனின் புட்டியும் ஒன்றுக்கொன்று வழி திறந்தன. பிறகு அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்தச் சாப்பாடு ஆட்டத்தை உதறிவிட்டு, நெகிழிப் பெட்டியில் வாங்கிச் செல்லும் மலிவு மதிய உணவாயிற்று. அக்கடைகளில் பலவற்றை நடத்துபவர்கள் சீன வம்சாவளியினர். யம் யம் சாஸ் என்று சொல்லும் அந்த மயோனைஸ் சாஸ் ஜப்பானில் கிடையாது. அமெரிக்க உணவகங்களில் வளர்ந்தது. அதை ஜப்பானியப் பழமை என்று சொன்னால்தான் பொய். அமெரிக்கத் தென்பகுதியின் சொந்தச் சரக்கு என்று சொன்னால் அதற்கு மரியாதை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

மூன்றாவது மறுப்பு சமையற்கட்டிலிருந்தே வரும், அதுதான் கடினமானது. கடையின் தடித்த தகடும் அடியில் சீறும் எரிவாயுவும் இல்லாமல் வீட்டில் அந்தச் சுவை வராது என்பது. இதில் பாதி உண்மை. இறைச்சியின் மேற்புறம் சிவந்து மணக்க ஏறக்குறைய 140 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்புறம் 100 பாகையைத் தாண்டாது. சுக்கினியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மெல்லிய வாணலியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் வெப்பம் இறங்கி, வறுபடவேண்டியது அவிந்துபோகும். ஆனால் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தகட்டில் ஒரே நேரத்தில் செய்வது எட்டுப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதற்காக. அந்தக் கெடு வீட்டில் இல்லை. கனமான இரும்புக்கல்லை, தோசைக்குக் காயவைப்பதைவிடச் சற்று அதிகமாகவே காயவிட்டு, இறைச்சியை ஈரம் ஒற்றி ஒரே அடுக்காகப் பரப்பி, எடுத்து வைத்துவிட்டு, பிறகு காளானை, பிறகு வெங்காயத்தை, சுக்கினியைக் கடைசியில் என்று தனித்தனியாகச் செய்தால் சாதாரண அடுப்பின் தீயே போதும். இறால் இரண்டு மூன்று நிமிடத்தில் சிவந்து சுருளும். அதற்கு மேல் விட்டால் ரப்பர். சோறு முந்தைய நாளே வடித்துக் குளிர்ந்ததாக இருக்கவேண்டும். வெண்ணெயை முதலிலேயே போட்டால் அதிலுள்ள பால் பொருள் கருகிக் கசக்கும், ஆகவே இறக்கும் நேரத்தில்தான். சோயா சாஸைக் கல்லின் ஓரத்தில் விட்டுப் பொங்கவிட்டுச் சேர்க்கவேண்டும். கடைக்காரர் விட்ட காய்களையும் மீனையும் டோஃபூவையும் வீட்டில் தாராளமாகச் சேர்க்கலாம். மூன்றோடு நிறுத்தியது அவருடைய கிடங்குக் கணக்கு. எதைச் செய்தாலும் பெயரை நம்பி அறைக்குள் கரி மூட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாசனையும் இல்லை, அடைத்த அறையில் அது ஆளைக் கொல்லும்.

2020-ல் உணவகங்கள் மூடிக்கிடந்த மாதங்களில் அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் எரிவாயுவில் எரியும் பெரிய தட்டை அடுப்புகளுக்கு மவுசு கூடியது; இந்தச் சாப்பாடு வீடு வந்து சேர்ந்ததில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஜப்பானிய வீடுகள் அந்த இடத்துக்கு வேறு வழியில் முன்பே வந்துவிட்டன. சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கும் மின்சாரத் தகடு பல பத்தாண்டுகளாக அங்கே சாதாரண வீட்டுப் பொருள். ஒருவர் இறைச்சியைத் திருப்புவார், இன்னொருவர் முட்டைக்கோஸைத் தள்ளுவார், குழந்தை ஒக்கோனோமியாக்கி மாவை ஊற்றும். வெந்ததை வெந்தவுடன் எடுத்துச் சாப்பிடுவார்கள். வேடிக்கை காட்டத் தனியாக ஒருவர் அங்கே தேவைப்படுவதில்லை. வீட்டில் ஹிபாச்சி சமைக்கிறவர் பெனிஹானாவின் மேசையை மாதிரியாக எடுத்துக்கொண்டால், குடும்பத்தில் ஒருவர் நின்றுகொண்டே இருந்து கடைசியில் ஆறியதைச் சாப்பிடவேண்டி வரும். இந்த மின்சாரத் தகட்டை மாதிரியாக எடுத்துக்கொண்டால் அவரும் உட்காரலாம்.